வாயால் ஓட்டிய மொபெட்

இன்று விடியற்காலையிலும் அந்தப் புகை வந்தது. பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்து எரியும் வாசனை, தொண்டையில் கொஞ்சம் இனிப்பாக ஒட்டிக்கொள்ளுமே, உங்கள் வீட்டு மொபெட்டின் புகை. ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் படுத்திருந்தேன். இருந்தும் கொசுவலைக்குள் வரை வந்துவிட்டது. கண்ணைத் திறந்தால் கூரையில் வெளிச்சம் ஊர்ந்துகொண்டிருந்தது, மங்கலாக, மிக மெதுவாக. உன் அத்தா எங்கள் தெருவைக் கடந்து போகிறார். முன்னால் ஓட யாரும் இல்லை. ஆனாலும் நாம் கிளம்பும் நேரத்துக்கே வண்டியை எடுக்கிறார். நாம் போகும் வழியிலேயே போய்விட்டுத் திரும்புகிறார். நீ போனதிலிருந்து ஒரு நாளும் தவறியதில்லை. உன்னிடம் இதை யாராவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜீரோ வாட் பல்பு மட்டும் எரிகிறது. கூடத்தில் அப்பா தூங்குகிறார். வாசல் கிரில்லின் சாவி அவர் தலையணைக்குக் கீழே இருக்கிறது. அவர் புரண்டு படுத்தால் பேனாவை நிறுத்திவிடுகிறேன். அப்பா அடிக்க மாட்டார், உனக்குத் தெரியும். ஆனால் உனக்கு எழுதுகிறேன் என்று தெரிந்தால் அம்மாவிடம், "பாத்தியா, இன்னும் அந்தப் பொண்ணையே நெனச்சிக்கிட்டு இருக்கா" என்பார். அப்புறம் குரல் உடைந்துவிடும். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

நீ போன வாரம் அப்பா கடைக்குப் போய் இரண்டு சாமான் வாங்கி வந்தார். ஒன்று இந்தக் கொசுவலை. இன்னொன்று அந்தப் பூட்டு.

முதல் நாள் உன் அத்தாவை நான் "அங்கிள்" என்று கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறதா? நீ ரோட்டில் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அங்கிளாம்! ஏசி ரூம்ல உக்காந்து ஃபைல் பாக்குறவருன்னு நெனச்சிட்டியா? ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்றவருடீ. நான் அப்பாவக் கூப்பிடுற மாதிரி நீயும் 'அத்தா'ன்னே கூப்பிடு." அன்றிலிருந்து எனக்கும் அவர் அத்தாதான்.

சேலையூரில் இருட்டு பிரியும் முன்பே கிளம்புவோம். நீ முழுக்கைச் சட்டை, ட்ராக் பேண்ட், தலையில் இறுக்கிக் கட்டிய கறுப்புத் துணி. நான் அண்ணனின் பழைய டீ-ஷர்ட். நமக்குப் பின்னால் அத்தாவின் மொபெட். பாதித் தெருவிளக்குகள் எரியாது. அந்த ஒற்றை விளக்குத்தான் நமக்கு வழி. நம் நிழல்கள் இரண்டும் நமக்கு முன்னால் நீளமாக, வயர் மாதிரி மெலிந்து ஓடும். அந்த வண்டியின் விளக்குக்கு ஒரு குணம் உண்டு. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வெளிச்சம் கூடும், தளர்த்தினால் மங்கும். நாம் களைத்து வேகம் குறைத்தால் அத்தாவும் குறைப்பார். உடனே முன்னால் இருக்கும் ரோடு இருண்டுவிடும். நீ முழங்கையால் என்னை இடிப்பாய். "லைட்டு மங்குதுடீ, வா!" கடிகாரமும் விசிலும் நமக்குத் தேவைப்பட்டதே இல்லை.

கேம்ப் ரோடு டீக்கடைக்காரர்கள் நம்மை ஒரு நாளும் சும்மா விட்டதில்லை.

"இன்னா பாய், பொண்ணுங்கள தொரத்திக்கினு எங்க போற?"

"நான் எங்க தொரத்துறேன்? அதுங்கதான் என்ன இழுத்துக்கினு போவுது" என்பார் அத்தா, வண்டியை நிறுத்தாமல்.

"பஸ்ஸ வுட்டுட்டியா பாப்பா? அட்த்த பஸ்ஸு பின்னாடியே வருது, நில்லு!"

நான் தலையைக் குனிந்துகொள்வேன். நீ கையைத் தூக்கி, "வரட்டும்ணா, பஸ்ஸையும் முந்திக்கிறோம்!" என்று கத்துவாய். உனக்கு மட்டும் எப்படி வெட்கமே வரவில்லை? அதைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கேட்கவே இல்லை.

நாம் கலந்துகொண்ட அந்த ஒரே ரேஸை இப்போது தினமும் நினைக்கிறேன். வண்டலூரில் தொடங்கி ஊரப்பாக்கம் தாண்டித் திரும்பி வரும் பெண்களுக்கான பத்து கிலோமீட்டர். நாம் போய் நின்றபோது எவ்வளவு பேர்! போலீஸ் வேலை பார்க்கும் அக்காக்கள், காலேஜ் பெண்கள், கழுத்துத் தாலியை ஊக்கு போட்டு ரவிக்கையோடு குத்திக்கொண்ட ஓர் அம்மா, செருப்பைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நின்ற நம் வயதுப் பெண் ஒருத்தி. அத்தா வழக்கம்போல் வண்டியை நமக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார். ரேஸ் நடத்துகிற ஒரு சார் ஓடி வந்தார்.

"பாய், வண்டி கூட வரக் கூடாது. வந்தா உங்க பசங்கள டிஸ்குவாலிஃபை பண்ணிடுவோம்."

"நான் ஹார்ன்கூட அடிக்க மாட்டேன் சார்."

"அதெல்லாம் இல்ல. ஓரம் கட்டுங்க."

அத்தா ஓரம் கட்டினார். நம்மைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினார். அவருடைய முகம் அவ்வளவு சின்னதாகி நான் பார்த்ததில்லை.

அங்கேதான் நமக்குக் கோளாறு வந்தது. நன்றாக விடிந்திருந்தது. பின்னால் விளக்கு இல்லை, சத்தம் இல்லை, முன்னால் நிழல் இல்லை. எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்றே தெரியாமல் கன்றுக்குட்டி மாதிரி பாய்ந்துவிட்டோம். ஜிஎஸ்டி ரோட்டில் கொஞ்ச நேரம் எல்லாருக்கும் முன்னால் நாம்தான்! ஊரப்பாக்கம் வருவதற்குள் எனக்கு விலாவில் கத்தி இறங்கியது. ஒவ்வொருவராக நம்மைத் தாண்டிப் போனார்கள். தாலியைக் குத்தியிருந்த அம்மாகூடப் போய்விட்டார். நான் நடக்க ஆரம்பித்தேன். "என்னால முடியல, நீ போடீ" என்றேன்.

நீ போகவில்லை. என் பக்கத்தில் வந்து உதட்டைக் குவித்து, "டர்ர்ர்ர்ர்" என்றாய்.

எனக்குப் புரியவில்லை. "அத்தா வண்டிடீ," என்றாய் மூச்சு வாங்கிக்கொண்டே. "நம்ம ரெண்டாவது தெருவுல மெதுவா போற ஸ்பீடு. டர்ர்ர்ர். வா!"

அந்தச் சத்தம் கேட்டதும் என் கால்கள் தாமாகவே அடங்கி ஓர் ஒழுங்குக்கு வந்தன. அது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உனக்கு மூச்சு போதாதபோது நான் போட்டேன். எனக்குப் போதாதபோது நீ போட்டாய். மாற்றி மாற்றி வாயாலேயே அந்த மொபெட்டை ஓட்டிக்கொண்டு போனோம். ஒரு போலீஸ் அக்காவை எட்டிப் பிடித்தபோது அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இன்னாம்மா, பெட்ரோல் கீதா?"

"ஃபுல் டேங்க் கா!"

பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஓடி முடித்த எல்லாருக்கும் கொடுத்த டிபன் டப்பாதான் நமக்கும். ஆனால் கடைசித் திருப்பத்தில் அத்தா கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். நம் வாயிலிருந்து வரும் சத்தம் அவர் காதில் விழுந்தது. முதலில் முழித்தார். அப்புறம் புரிந்துகொண்டு தலையில் கை வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். திரும்பும் வழியில் வண்டியில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து வந்தோம். "என் வண்டிய இவ்ளோ நல்லா எவனும் ஓட்டுனதில்ல" என்று தாம்பரம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

மழை விட்ட வாரம் உனக்கு ஜுரம் வந்தது. அதற்கு முந்தின நாள்கூட நாம் ஓடினோம். ரத்தத்தில் ஏதோ அணுக்கள் குறைகின்றன என்றார்கள், கொசுவால் வரும் காய்ச்சல் என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ என் காலைப் பார்த்தாய். "ஷூ லேஸ கட்டுடீ, விழுந்துடப் போற" என்றாய். கட்டினேன். அதற்கு மேல் நமக்குள் பேச்சு இல்லை.

உங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்த அன்றே தெரு வேறொரு கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. எங்கள் கீழ் வீட்டு ஆன்ட்டி மாடிப்படியில் நின்று அம்மாவிடம் சொன்னதை நானே கேட்டேன். "ஹார்ட் வெடிச்சிடுச்சாம். பொண்ணுங்க ஒடம்பு அவ்ளோ தூரம் தாங்குமா? நம்ம வூட்டுப் பொண்ணும்தான கூட ஓடுச்சு, பாத்துக்கோ." பள்ளிக்கூடத்தில் பி.டி. மிஸ், "கொஞ்ச நாளைக்கு வேணாம்மா, பேரன்ட்ஸ் எல்லாம் பயப்படறாங்க" என்றார். இப்போது விளையாட்டு நேரத்தில் எங்களை நூலகத்தில் உட்கார வைக்கிறார்கள்.

அதெல்லாம் பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் ராத்திரி படுத்ததும் கை தானாக நெஞ்சுக்குப் போய்விடுகிறது. உள்ளே அது அடித்துக்கொள்வது காதுக்குள் கேட்கிறது. இரண்டு பேரும் ஒரே தூரம்தானே ஓடினோம் என்று தோன்றுகிறது. போன வாரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். நாலு எட்டு வைத்ததும் நெஞ்சு துடித்தது. அப்படியே நின்றுவிட்டேன். பஸ் போய்விட்டது. டீக்கடையிலிருந்து ஒருவர்கூடக் கிண்டல் செய்யவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்கள் வழக்கம்போல் கத்தியிருக்கலாமே.

நேற்று சாயங்காலம் அத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலைப் பையைத் தோளில் மாட்டியபடி கிரில்லுக்கு வெளியே நின்றார். அப்பா, "வாங்க பாய்" என்றார். ஆனால் பூட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர். நான் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"ஞாயித்துக்கிழம ரேஸு சார். மழைக்கு முன்னாடியே ரெண்டு பேரு பேரையும் குடுத்து வச்சிருந்தேன். பாப்பா மட்டுமாவது ஓடட்டும். நான் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்துடுறேன்."

"உங்களுக்கு எப்படி பாய் மனசு வருது? இவ்ளோ ஆனப்புறம்…"

அத்தா கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என் புள்ள ஓடி மௌத்தாகல சார். ஜுரத்துல போனா. தெருவே மாத்தி மாத்திப் பேசுது. பேசட்டும். நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தவரு, டாக்டர்கிட்ட பேசினவரு. நீங்களும் மாத்திப் பேசாதீங்க."

அப்பா திரும்பி, திரையை விலக்கி, என்னைக் கேட்டார். "நீயே சொல்லும்மா. உனக்கு ஓடணுமா?"

அப்பா கேட்டேவிட்டார்! நீ இருந்திருந்தால் அவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லியிருப்பாய். என் வாயில் காற்றுகூட இல்லை. நெஞ்சு அடித்தது, அது அடிக்கிறதே என்று இன்னும் பயந்தேன். அத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே, "பரவால்ல கண்ணு, பயப்படாத" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வண்டி ஒரு உதையில் கிளம்பவில்லை. நாலைந்து முறை உதைத்தார். அவ்வளவு நேரமும் என்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியும்.

இன்று சாயங்காலம் கரண்ட் போனது. "மாடிக்குப் போய் துணிய எடுத்துட்டு வா" என்றாள் அம்மா. மொட்டை மாடிக்கு மட்டும் எனக்குப் பூட்டு இல்லை. மேலே போனேன். கேம்ப் ரோடு முழுக்க வண்டிகளின் விளக்குகள். அப்பாவின் வேட்டிக்கும் அம்மாவின் புடவைகளுக்கும் நடுவில் நின்று உதட்டைக் குவித்துப் பார்த்தேன். டர்ர்ர். சின்னதாகத்தான் வந்தது. கால் நகர்ந்தது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, கொடிக்கு அடியில் குனிந்து, மறுபடியும் தொட்டியைச் சுற்றி ஓடினேன். அங்கே வேகமாகப் போக முடியாது, ரெண்டாவது தெரு ஸ்பீடுதான்.

"யாருடி மாடில? வண்டி ஓட்ற மாதிரி கீது!" என்று கீழ் வீட்டு ஆன்ட்டி கத்தினார்.

நின்றேன். அம்மா படி ஏறி வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ தெரியாது. திட்டுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து ஈரக்கையை என் நெஞ்சில் வைத்தாள். அது குதித்துக்கொண்டிருந்தது. கையை எடுக்காமல் நின்றாள். நானும் அசையவில்லை. குதிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது.

"அடங்கிடுச்சு பாரு" என்றாள்.

கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அப்பாகிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா எடுபடாது."

இதை வலது கையால் எழுதிக்கொண்டே, இடது கையை அம்மா வைத்த இடத்தில் வைத்திருக்கிறேன். அப்பாவிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளைப் பல தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அவை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். என்னிடம் மிச்சம் இருப்பது நீ போட்ட அந்தச் சத்தம்தான். அதற்கு வார்த்தை வேண்டாம், மூச்சு இருந்தால் போதும்.

விடிவதற்குள் அத்தா வருவார். கிரில் பூட்டித்தான் இருக்கும். நான் கொசுவலையை விட்டு வெளியே வந்து ஜன்னலைத் திறந்து வைத்திருப்பேன். வண்டி எங்கள் தெருமுனையில் திரும்பியதும் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, முடிந்த மட்டும் பலமாக அந்தச் சத்தத்தைப் போடுவேன். அப்பா எழுந்துவிடுவார். எழட்டும், அவர் கேட்ட கேள்விக்கும் அதுதான் பதில். உதடு இப்போதே காய்கிறது. சத்தம் வருமா என்று தெரியவில்லை. வந்தால், அது அத்தாவின் காதில் விழுந்தால், அவர் ஆக்ஸிலேட்டரைத் திருகுவார். கூரையில் அந்த வெளிச்சம் கூடுகிறதா என்று நிமிர்ந்து பார்ப்பேன்.