கல் வைத்துக் குறித்த கிணறு

அனுப்புநர்:
த. வேண்டா,
க/பெ. தனகோடி,
தேநீர்க் கடை, பஸ் நிறுத்தம் எதிரில்,
பனங்கழனி கிராமம், திருப்போரூர் வழி,
செங்கல்பட்டு வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பொருள்: எங்களுக்கு லாட்டரிப் பரிசு விழுந்துவிட்டதாகக் கருதி நிறுத்தப்பட்ட குடிநீர்க் கிணற்றை மீண்டும் அனுமதிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். தாலுகா ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதுகிறவரிடம் போகாமல் இதை நானே எழுதுகிறேன். அவர் எழுதினால் 'ஏழை எளியவள்', 'தங்கள் காலில் விழுந்து' என்றெல்லாம் சேர்த்துவிடுவார். அந்த வார்த்தைகள் எனக்கு ஒத்துவராது. நடந்ததைக் கீழே வரிசையாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. எங்கள் ஊர் உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ளது. ஊருக்குள் நாங்கள் தோண்டிய ஆழத்துக்கு எங்கும் உப்பு. அந்தத் தண்ணீரில் போட்ட டீயை வெளியூர்க்காரர் ஒரு வாய்க்கு மேல் குடிக்க மாட்டார். குடிக்கவும் சமைக்கவும் பக்கத்துக் கழனிக்காரர் திரு. நரசிம்மன் அவர்களின் பம்புசெட் கிணற்றில்தான் எடுத்துவந்தோம். ஆழமாக வெட்டினால் நல்ல தண்ணீர் வரும் என்று அரசாங்கம் எங்களுக்கு ஒரு கிணறு அனுமதித்தது உண்மை. அது ஊர்த் தெருவில்தான் வர வேண்டும் என்று ஊரார் நின்றார்கள். காலனியில்தான் வர வேண்டும் என்று காலனிக்காரர்கள் நின்றார்கள். அதிகாரிகள் வந்து கூட்டம் போட்டுப் பார்த்தும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. காகிதம் ஆபீசிலேயே தூங்கியது.

2. இந்நிலையில் கடந்த பங்குனியில் என் கணவர் தனகோடியும் என் தம்பி காசிநாதனும் மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் கூட்டாக ஒரு அரசுப் பரிசுச் சீட்டு வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து சேருவதற்குள் செலவுக் கணக்கு தொடங்கிவிட்டது. "மொதல்ல ஒரு லாரி. மத்ததெல்லாம் அப்பால" என்றார் என் கணவர். "வெள்ளக்காரன் கீத்துக் கொட்டாயில படுக்கறதுக்கே டப்பு குடுக்கறான் மாமா, மாமல்லபுரத்துல ஒரு லாட்ஜ் கட்டுவோம்" என்றான் என் தம்பி. கிணறு வெட்ட வேண்டும் என்றேன் நான். கடைக்கு டீ குடிக்க வந்தவர்களும் மூன்று கட்சியாகப் பிரிந்தார்கள். லாரிக்குப் பச்சை வர்ணமா நீலமா என்பதில் லாரிக் கட்சிக்குள்ளேயே சண்டை வந்தது. கடைசியில் மாமனும் மச்சானும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு நாள் காலையில் அடுப்பு மூட்ட ஆளில்லாமல் கடை மூடிக் கிடந்தது. பரிசு வருவதற்கு முன்பே நஷ்டம் வந்துவிட்டது.

3. பேசித் தீராத காரியத்துக்கு எங்கள் ஊரில் பூக் கட்டிப் பார்ப்பது வழக்கம். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு நிறப் பூவை இலையில் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் போடுவோம். விவரம் அறியாத குழந்தை ஒன்று எடுக்கும். எந்தப் பூ வருகிறதோ அது அம்மன் வாக்கு. லாரிக்குச் சிவப்பு அரளி, லாட்ஜுக்கு மஞ்சள் அரளி, கிணற்றுக்கு வெள்ளை அரளி என்று கட்டிச் செல்லியம்மன் காலடியில் போட்டோம். வெள்ளை வந்தது. என் கணவர் அந்தப் பூவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போய்க் கடை அடுப்பைப் பற்றவைத்தார். அவரை நினைத்து அன்று எனக்கு உண்டான பெருமையை எழுதிவைக்க வேறு இடம் இல்லாததால் இம்மனுவில் எழுதுகிறேன்.

4. அதன் பிறகு அந்தக் கிணறு எங்கள் வீட்டுப் பேச்சாக இல்லை. ஊர்ப் பேச்சாகிவிட்டது. காலனியிலிருந்து சந்திரம்மா என்பவர் கடைக்கு வந்தார். "உன் கெணத்துல நாங்க சேந்தலாமா அக்கா, இல்ல குடத்த வெச்சிட்டு யாரு ஊத்துவாங்கன்னு நின்னுகினு இருக்கணுமா?" என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் கிளாசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "என் துட்டு, என் கெணறு. அவங்கவங்க கையாலயே சேந்திக்கட்டும்" என்றேன். பணம் என்னுடையது, உத்தரவு அம்மனுடையது. மறுக்க அவர்களுக்கு இடமில்லை. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் உள்ள புறம்போக்கு மேட்டை அன்றே முடிவு செய்தோம். நாலு பக்கமும் உருளை, யார் எந்தப் பக்கமும் இறைக்கலாம் என்று பேசினோம். இரண்டு தெருக்காரர்களும் ஆளுக்கொரு கல் கொண்டுவந்து வட்டமாக வைத்தார்கள். அதிகாரிகளால் முடியாதது, கைக்கு வராத பணத்தால் ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. இதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன்.

5. தவறு நேர்ந்தது இதற்குப் பிறகு. கல் வைத்த இடத்தில் பொங்கல் வைத்தோம். அவ்வழியே சைக்கிளில் வந்த கிராம சேவகர் திரு. பன்னீர்செல்வம் அவர்கள் கையிலும் ஒரு இலை கொடுத்தோம். நல்ல மனிதர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். என்ன விசேஷம் என்று அவர் கேட்டதற்கு, "வேண்டாக்கா பரிசுப் பணத்துல கெணறு வெட்டுது சார்" என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அம்மன் பூக் கொடுத்துவிட்டால் காரியம் நடந்துவிட்டது என்று பேசுவதுதான் எங்கள் வழக்கம். வெளியூர்க்காரரான அவருக்கு அது எப்படித் தெரியும்? 'தனியார் நன்கொடையாளர் முன்வந்துவிட்டபடியால் அரசுக் கிணறு தேவையில்லை' என்று அவர் எழுதிவிட்டார். எங்கள் கிணறு வேறொரு ஊருக்கு மாற்றப்பட்டது.

6. குலுக்கல் முடிவு பத்திரிகையில் வந்தது. எங்கள் சீட்டின் எண் எந்த வரிசையிலும் இல்லை. என் கணவர் முழுப் பக்கத்தையும் படித்து முடித்துவிட்டு, அதே தாளைக் கிழித்து வாடிக்கையாளருக்கு வடை கட்டிக் கொடுத்தார். நாங்கள் யாரும் அழவில்லை. ஆனால் திரு. நரசிம்மன் அவர்கள் தமது கழனிக்கு முள் படல் போட்டு அடைத்துவிட்டார். "அம்மனே உங்களுக்கு கெணறு குட்த்துட்டா, அப்பால என் கெணத்தாண்ட உங்களுக்கு இன்னா வேல?" என்கிறார். இப்போது பெண்கள் ஓடையைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போகிறார்கள். என் நாத்தனார் சின்னப்பொண்ணு நிறைமாத கர்ப்பிணி. அவளும் இடுப்பில் குடத்தோடு அந்த ஓடைச் சரிவில் இறங்குகிறாள். அதைப் பார்க்கும்போதுதான் என் வயிறு எரிகிறது. மற்ற எதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

7. இதைச் சொல்லப் போன ஆபீசில் எழுத்தர் ஒருவர், "கனவுல கட்டின கெணத்துக்கு கவர்மெண்டு இன்னாம்மா பண்ணும்?" என்று சிரித்தார். அவருக்கு அங்கே சொல்லாத பதிலைத் தங்களுக்குச் சொல்கிறேன். பணம் கனவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இடம் குறித்தது கனவு இல்லை. இரண்டு தெருவும் ஒரே கிணற்றுக்குச் சம்மதித்தது கனவு இல்லை. பரிசு விழவில்லை என்று தெரிந்த பிறகும் ஒருவரும் அந்தச் சம்மதத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. முதல் பரிசு வாங்கிய ஊரில்கூட இது நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஆகையால் ஐயா அவர்கள்,

அ) எங்கள் ஊர்க் காகிதத்தில் 'தேவையில்லை' என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு, கல் வைத்த மேட்டிலேயே கிணறு வெட்ட உத்தரவிட வேண்டுகிறேன். எங்கள் கிணறு போய்ச் சேர்ந்த ஊரிடமிருந்து அதைப் பிடுங்கித் தரும்படி கேட்கவில்லை. அவர்களுக்கும் தாகம் எடுக்கும். எங்களுக்கு வேறொன்று தர வேண்டும்.

ஆ) அதுவரை படலைத் திறக்கும்படி திரு. நரசிம்மன் அவர்களிடம் தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுகிறேன். இத்தனை காலம் தண்ணீர் கொடுத்தவர் என்பதை நாங்கள் மறக்கவில்லை. அவருடைய கோபத்தில் பாதி, பூக் கட்டியபோது அவரைக் கூப்பிடாததால் வந்தது.

இ) திரு. பன்னீர்செல்வம் அவர்கள் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம்.

நாங்கள் இப்போதும் மாதம் தவறாமல் சீட்டு வாங்குகிறோம். பரிசு விழும் நாளில் அம்மனுக்குச் சொன்ன கிணற்றை, தண்ணீர் இல்லாத வேறு ஏதாவது ஊரில் வெட்டிக் கொடுப்பேன். அந்த ஊரைத் தாங்களே சொல்லலாம்.

தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்த்தால் போதும். அந்தக் கற்கள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. மாட்டுவண்டிகள் அவற்றைச் சுற்றித்தான் போகின்றன. இருட்டில் சைக்கிளில் வருகிறவர்கூட மணி அடித்துக்கொண்டு சுற்றித்தான் போகிறார். கற்களுக்குள் யாரும் கால் வைப்பதில்லை. அங்கே தண்ணீர் ஒன்றுதான் பாக்கி.

இடம்: பனங்கழனி
நாள்: 18-6-1973

இப்படிக்கு,
த. வேண்டா

உடன் கையொப்பமிடுவோர்:
தனகோடி (லாரி கேட்டவர்)
காசிநாதன் (லாட்ஜ் கேட்டவர்)
சந்திரம்மா, காலனி (இடது கைப் பெருவிரல் ரேகை)