ஜன்னலையே பார்க்கிற பாப்பா

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, நான், உன் தங்கை வாலு மூன்று பேரும் சௌக்கியம், வாலுவுக்குக் காலையில் வருகிற வயிற்றுவலியை மட்டும் கணக்கில் சேர்க்காவிட்டால். நீயும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். இருமல் நின்றுவிட்டது என்று போனில் சொன்ன அதே மூச்சில் இருமினாய், அதை நான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே, வெந்நீரைக் குடி, ஈரத் தலையோடு வகுப்புக்கு ஓடாதே. உன் அறைத்தோழி நல்லவளா, ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குகிறவளா என்பதையும் எழுது. இதையெல்லாம் போனில் கேட்கலாமே என்பாய், ஆனால் இப்போது சொல்லப்போவதைப் போனில் சொல்ல முடியாது, நான் போனைக் கையில் எடுத்தாலே உன் தங்கை வந்து என் மடியில் ஏறிக்கொள்கிறாள். தவிர, நீ வரைந்த படப் புத்தகத்தைப் பார்த்து அவள் சொல்வதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதி அனுப்பு, வகுப்பில் மேடத்திடம் காட்ட வேண்டும் என்று நீதானே கேட்டாய். கூட்டாமல்தான் எழுதுகிறேன். நடுவில் என் கவலை கொஞ்சம் வந்தால் அதை நீ அடித்துவிட்டு மேடத்திடம் கொடு.

முதலில் புத்தகம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய பைலை எங்கள் பிரஸ்ஸிலேயே அச்செடுத்தேன். ஒரு கம்பெனிக்காரருக்கு விளம்பரப் புத்தகம் அடித்ததில் மிஞ்சிய வழவழப்பான தாள் கிடந்தது, முதலாளியிடம் கேட்டேன், உங்க பெரிய பொண்ணு போட்ட படமா, எடுத்துக்கம்மா, நம்ம பிரஸ் பேரைப் பின்னட்டையில பொடி எழுத்துல போட்டுடு என்றார். போடவில்லை. கட்டிங் மாஸ்டர் ஓரமெல்லாம் வெட்டிக்கொடுத்தார், பின் அடித்தால் குழந்தை கையில் குத்தும் என்று நானே ஊசி நூலால் நடுவில் தைத்தேன். நன்றாக வந்திருக்கிறது. நிறம்தான் நீ நினைத்ததைவிட ஒரு பிடி மஞ்சள் கூடியிருக்கலாம், எங்கள் இயந்திரத்துக்கு அது வழக்கம், மணப்பெண் போட்டோவைக்கூட மஞ்சள் காமாலை வந்த மாதிரிதான் அடித்துத் தரும்.

ஒன்று ஞாபகம் இருக்கிறதா, முதல்முறை நீ அனுப்பியபோது, எல்லாப் பக்கத்திலும் இடது மூலை காலியாகக் கிடக்கிறது, யாரையாவது உட்கார வை என்று சொன்னது நான்தான். விசிட்டிங் கார்டும் பில் புத்தகமும் அடித்து அடித்து வந்த புத்தி அது, எங்கள் முதலாளிக்கு மூலை காலியாக இருந்தால் ராத்திரி தூக்கம் வராது. நீயும், சரிம்மா தாயே என்று சலித்துக்கொண்டு, இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண்ணை ஒரே ஒரு தடவை வரைந்து, அதையே நகலெடுத்து எல்லாப் பக்கத்து மூலையிலும் ஒட்டிவிட்டாய். வேன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிற பெண். நானும் அதைக் கவனித்தேன், பரவாயில்லை, மூலையை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா சோபாவில் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். நானும் வாலுவும் சமையலறைத் தரையில் உட்கார்ந்தோம், அங்கேதான் குளிர்ச்சி. புத்தகத்தைக் கொடுத்தேன். அக்கா உனக்காகவே வரைந்தது, ஸ்கூல் வேனில் ஒரு பெரிய பெண் ஒரு குட்டிப் பெண்ணின் ஷூவைப் பிடுங்கிப் பிடுங்கி விளையாடுகிறாள், கடைசியில் அந்தக் குட்டிப் பெண் எழுந்து நின்று, கொடு என்று கேட்டு வாங்கிக்கொள்கிறாள் என்று நானே முந்திக்கொண்டு முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். நீ திட்டுவாய் என்று தெரியும். பதற்றத்தில் சொல்லிவிட்டேன், என்ன செய்ய. கீழ்வீட்டு அக்கா வந்து, உங்க பாப்பா போற வேன்ல ஷூவைப் பிடுங்கி அழவைக்கிறாங்களாம் என்று சொன்ன நாளிலிருந்து எனக்குப் பிடுங்கப்படுவது நம் வாலுவின் ஷூதான் என்று தோன்றிவிட்டது. இல்லாவிட்டால் தினம் காலையில் வேன் ஹாரன் கேட்டதும் வயிறு ஏன் வலிக்க வேண்டும், சனி ஞாயிறு ஏன் வலிக்கவில்லை. நான் வேன்காரத் தம்பியிடம் சண்டைக்குப் போனதும், அவர், உங்க பாப்பா ஷூவை யாரும் தொட்டதே இல்லக்கா என்றதும், எப்படி வாய் கூசாமல் மறைக்கிறார் பார் என்று நான் உன்னிடம் பொருமியதும் உனக்கே தெரியும்.

வாலு முதல் பக்கத்தைத் திருப்பினாள். நீ அவ்வளவு கஷ்டப்பட்டு வரைந்த கதாநாயகியை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். பெரிய பெண் ஷூவைத் தூக்கிப் பிடித்திருக்கிற பக்கத்துக்கு ஒரு ம் கொட்டினாள். பிறகு அவள் விரல் நேராக மூலைக்குப் போய்விட்டது. இவ யாரு என்று கேட்டாள். சும்மா ஒரு பாப்பா என்றேன். பேர் இல்லையா. இல்லை. ஏன் ஜன்னலையே பாக்குறா, அங்க என்ன இருக்கு. மரம் இருக்கும்டா என்றேன். அடுத்த பக்கம் திருப்பினாள். இன்னும் அங்கேயேதான் பாக்குறா, மரம் போயிருக்குமே, வேன் ஓடுதுல்ல என்றாள். அதன் பிறகு கதையை அவள் பார்க்கவே இல்லை, மூலையை மட்டும் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டு போனாள், முன்னால் போய்ப் பின்னால் வந்து, ஏதோ துப்புத் துலக்குகிறவள் மாதிரி. கடைசிப் பக்கத்தில் வேனில் இருக்கிற எல்லாரும் கைதட்டுகிறார்களே, அங்கே ரொம்ப நேரம் நின்றாள். எல்லாரும் தட்டுறாங்க, இவ மட்டும் தட்டல, இவ்ளோ நடந்தும் திரும்பல, இவளுக்குக் கழுத்து வலிக்கும் என்றாள். கொஞ்சம் கழித்து, எனக்கும் வலிக்கும்மா என்றாள்.

உன் அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே. கழுத்தில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, ஜுரம் பார்த்து, தைலம் எடுக்க எழுந்துவிட்டேன். வாலு சலித்துக்கொண்டு, ஐயோ இப்ப இல்லம்மா, வேன்ல மட்டும்தான் என்றாள். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை வாயைத் திறக்கவில்லை, அதற்கு எனக்கு நீ ஒரு பரிசு தரலாம். அவளாகவே சொன்னாள். பிடுங்கப்படுவது இவள் ஷூ இல்லை. பக்கத்தில் உட்கார்கிற எல்கேஜி பையனுடையது, அவனுக்கு வேனில் பட்டாணி என்று பேர், அவ்வளவு பொடியன். பிடுங்குகிறவள் ஐந்தாவது படிக்கிற பெண், எல்லாரிலும் பெரியவள் என்று வேன்காரர் கதவை மூடுகிற பொறுப்பை அவளிடம் கொடுத்திருக்கிறார், அதனால் அவளுக்குப் பேர் லீடர். பட்டாணியின் ஒரு ஷூவை உருவிப் பின் சீட்டுக்குக் கைமாற்றிவிடுவார்களாம், அவன் ஒற்றைக் காலோடு அழுவானாம், எல்லாரும் சிரிப்பார்களாம். வாலு சிரிக்க மாட்டாள், ஆனால் பார்க்கவும் மாட்டாள். பார்த்தா அடுத்து என் ஷூ என்றாள். அதனால் ஏறினதிலிருந்து இறங்குகிற வரை ஜன்னல். வேன்காரத் தம்பி சொன்னது முழுக்க நிஜம், இனி அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று தெரியவில்லை.

எனக்குப் பெரிய ஆச்சரியம் என்னவென்றால், அடிபடுகிற குழந்தைக்கு வயிறு வலிக்கும் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கும் வலிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காலேஜில் குழந்தை மனசு பற்றி ஒரு பேப்பரே எழுதிப் பாஸ் பண்ணினவள் நான், நீ வயிற்றில் இருந்தபோதுதான் அந்தப் பரீட்சை, நீயும் கூடவே எழுதினாய். உனக்கு இது தோன்றியதா, அந்தப் பெண்ணை வேண்டுமென்றுதான் திருப்பாமல் விட்டாயா, அல்லது திரும்ப வரையச் சோம்பல்பட்டு நகலெடுத்ததில் அமைந்ததா. மேடத்திடம் வேண்டுமென்றுதான் செய்தேன் என்று சொல்லிக்கொள், என்னிடம் நிஜத்தைச் சொல்.

பிறகு வாலு, அக்காகிட்டச் சொல்லி இவளைத் திருப்பச் சொல்லும்மா என்றாள். அக்காவுக்கு நிறைய வேலைடா என்றேன். ஒரு பக்கம் மட்டும் போதும் என்றாள். எந்தப் பக்கம் என்றால் கடைசியைக் காட்டுவாள், கைதட்டவைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. குட்டிப் பெண் இன்னும் எழுந்தே நிற்காத பக்கம், பெரிய பெண் கையில் ஷூ தொங்குகிற பக்கம். இங்கயே திரும்பட்டும், எல்லாம் முடிஞ்சப்புறம் திரும்பி என்ன பண்றது என்றாள். இதை நான் கூட்டவில்லை, சத்தியமாக அப்படியே சொன்னாள். சோபாவில் பேப்பருக்கு அடியிலிருந்து அப்பா, பெரிய மனுஷி சொல்றதைக் கேட்டுக்கங்கப்பா என்றார், இவ்வளவு நேரம் தூங்குகிற மாதிரி கிடந்தது நடிப்பு.

திங்கட்கிழமை காலை வயிறு வலித்தது, ஆனாலும் போனாள். பிரஸ்ஸில் எனக்கு வேலை ஓடவில்லை, ஒரு பல் டாக்டரின் கார்டில் போன் நம்பரைத் தலைகீழாக வைத்துவிட்டேன், கட்டிங் மாஸ்டர் பார்த்ததால் பிழைத்தேன். சாயங்காலம் வந்ததும் ஷூவைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, நான் திரும்பிட்டேன் என்றாள். அதட்டினாயா, அடித்தாயா, வேன்காரரிடம் சொன்னாயா என்று நான் அடுக்க, ஒண்ணும் பண்ணல, பாத்தேன், அவ்ளோதான் என்றாள். லீடர் பட்டாணியின் ஷூவை உருவியதும் இவள் ஜன்னலை விட்டுத் திரும்பி லீடர் முகத்தையே பார்த்திருக்கிறாள். என்னடி பாக்குற என்று கேட்டிருக்கிறாள் அவள். பாக்குறேன் என்றிருக்கிறாள் இவள். என்னத்தடி. உன்னத்தான். இவள் எதைப் பார்க்கிறாள் என்று முன் சீட்டுக் குழந்தைகளும் திரும்பியிருக்கின்றன, ஷூவை வாங்கக் கை நீட்டின பின் சீட்டுப் பையன் கையை மடக்கிக்கொண்டானாம், கொஞ்ச நேரத்தில் வேன் மொத்தமும் லீடரைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் போயிருக்கிறது. அவ காது செவந்துபோச்சும்மா என்றாள் வாலு, சந்தோஷமாகச் சொல்லவில்லை, அதிசயமாகச் சொன்னாள். ஷூவைப் பட்டாணி மடியில் போட்டுவிட்டாளாம், கொடுத்தாள் என்று சொல்ல முடியாது, போட்டாளாம். எனக்கு அந்தப் பெண்ணையும் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. உன் புத்தகத்தில் வருகிற பெரிய பெண்ணுக்குப் புருவம் மட்டும்தான் இருக்கிறது, காது இல்லை, தலைமுடியில் மறைத்துவிட்டாய். லீடருக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள், இறங்கும்போது யார் வந்து கூட்டிப்போகிறார்கள் என்று வாலுவிடம் கேட்டேன். யாரும் வரமாட்டாங்க, அவளே வேன் கதவை மூடிட்டுப் போவா என்றாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பேன், இப்படி உட்கார்ந்து உனக்குத் தாள் தாளாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். இன்றைக்கு, செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுப் பை இல்லாமல் வந்தாள். லீடர் வாங்கி வைத்துக்கொண்டாளாம், பாக்குறியா, இப்பப் பாரு என்று சொல்லி. எதற்குப் பயந்து ஜன்னலைப் பார்த்தாளோ அதுவே வந்துவிட்டது. உன் புத்தகத்தைத் தைத்துக் கையில் கொடுத்து வம்பில் மாட்டிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். நாளைக்கே வேனை நிறுத்தி நான் கேட்கிறேன் என்றேன். அப்பா, பேசாம வண்டியில நானே கொண்டுபோய் விட்டுடறேன் என்றார். வாலு இரண்டுக்கும் தலையாட்டவில்லை. பையைப் பிடுங்கியபோது நீ என்ன செய்தாய் என்று கேட்டேன். அவளைப் பாத்தேன் என்றாள். வேறு யாராவது பார்த்தார்களா என்றேன். யோசித்துவிட்டு, பட்டாணி பாத்தான், ஷூவை ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டே பாத்தான், நாளைக்கு இன்னும் கொஞ்சம் பேர் பாப்பாங்க என்றாள். சொல்லிவிட்டு, மாற்றுப் பையில் சாப்பாடு வைக்க வேண்டும் என்று எனக்கு ஞாபகப்படுத்திவிட்டுப் படுத்துவிட்டாள். தூங்கியும் விட்டாள். நான்தான் தூங்கவில்லை.

அவள் படுக்கப் போகுமுன் அவளிடம் நான் ஒரு பேரம் பேசியிருக்கிறேன், சரியா தப்பா நீ சொல். வெள்ளிக்கிழமைக்குள் பை வராவிட்டாலோ யாராவது கை வைத்தாலோ வேன்காரத் தம்பியிடமும் லீடர் வீட்டிலும் நான் பேசுவேன், அதுவரை பேச மாட்டேன். அரைமனதாக ஒப்புக்கொண்டாள். கண்ணு, ஒருவேளை அவள் இன்னும் சின்னவள், பெரியவர்கள் நாங்கள் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாதோ என்று எழுதும்போதே மனசு அடித்துக்கொள்கிறது. உனக்கு அவள் வயதில் இப்படி ஏதும் இருந்ததா, இருந்து என்னிடம் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனாயா. இருந்திருந்தால் இப்போதாவது எழுது, நான் தைலம் எடுக்க ஓட மாட்டேன்.

புத்தகத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், அட்டை மடங்காமல் பிரி. மேடத்திடம் கொடுப்பதற்கு முன்னால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிவிடு, மறந்துவிடாதே, அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி ரொம்ப நேரம் திரையைப் பார்க்காதே, இருமலுக்கு டாக்டரைப் பார். எங்கே இருந்தாலும் நீ நல்லபடியாக இருக்க வேண்டும், உன் கை வரைந்தது நாலு குழந்தைகளுக்கு உதவ வேண்டும், உன் பக்கத்தில் எப்போதும் யாராவது இருக்க வேண்டும், உன்னைத் திரும்பிப் பார்க்கிறவர்களாக. அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி, அவர் எழுதச் சோம்பல்.

நாளைக் காலையில் நான் வாசல் வரை வரக்கூடாது என்று வாலுவின் உத்தரவு. மாடியிலிருந்து பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். பாத்துக்கோ, ஆனா லீடர் கண்ணுக்குத் தெரியற மாதிரி நின்னு பாரு என்று சொல்லியிருக்கிறாள். நிற்கப்போகிறேன்.

அன்புடன்,
அம்மா