வாரண்டி யார் பேர்ல

மேலகரம்
9.6.2025

எய்யா புவனேஷ்,

குத்தாலநாதரும் குழல்வாய்மொழியம்மையும் உன்னக் காப்பாத்தட்டும். நேரத்துக்குச் சாப்பிடுதியா? பக்கத்து வீட்டு ஹைருன் பீவி போன்லருந்து எத்தன மட்டம் அடிச்சேன், எடுக்க மாட்டேங்கிற. தெரியாத நம்பர்னா எடுக்கப்படாதா? அதான் கடுதாசி.

நீ சித்திரைல வந்து குடுத்த புது போனு படுத்துட்டுய்யா. சீசன் தொடங்கி சாரல் அடிக்குது. மாடி ரூமு கேட்டுக் கூப்பிடுதவன் எல்லாம் அடுத்த வீட்டுக்குப் போயிருதான். தென்காசி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். அங்கன வீரபாகுன்னு ஒரு மேனேஜர். கம்ப்யூட்டரத் தட்டிப் பாத்துட்டு, "ஆச்சி, இத வாரண்டியில பாக்க முடியாது. போன வருசமே வேற ஒருத்தர் பேர்ல பதிஞ்ச போனு இது"ங்கான்.

"யாருலே ஆச்சி? எனக்கு அம்பத்தஞ்சுதான் ஆகுது. என் அண்ணன் மவன் திருப்பூர்ல உழைச்சு வாங்கிக் குடுத்தது. பொய் சொன்னா நாக்கு அழுகிரும்"னு சத்தம் போட்டேன். "அப்ப பில்லக் கொண்டாங்க"ங்கான்.

பில்ல அனுப்பு. வித்த கடைக்காரன் உன்ன ஏமாத்திட்டாம்யா. நான் விட மாட்டேன்.

தாயில்லாத உன்ன வளத்த அத்தை,
சங்கரேஸ்வரி

திருப்பூர்
14.6.2025

அத்தைக்கு,

நான் நல்லாருக்கேன். பில் தொலஞ்சு போச்சு. சண்டையெல்லாம் வேண்டாம் அத்தை. அந்தப் போன வாங்கித் தூரப் போட்டுருங்க. வேற யார்ட்டயும் காட்டாதீங்க. ஆடிக்கு வரும்போது வேற வாங்கியாறேன். என் பேர அங்கன சொன்னீங்களா?

புவனேஷ்

மேலகரம்
21.6.2025

எய்யா,

தூரப் போடவா? நீ வேர்வ சிந்தி வாங்குனத? பேரு சொல்லாம எப்படி, ஊரு, வேல எல்லாஞ் சொன்னேன். வீரபாகுட்ட, "யார் பேர்ல இருக்கோ அந்த ஆளக் கூப்பிடுலே, நேருக்கு நேரா கேட்டுருவோம்"னேன். சரி, பேசுதேன்னான்.

அதோட விடல. நேத்து வெள்ளிக்கிழமை சுடலைமாடசாமி கோயில்ல காசு வெட்டிப் போட்டுட்டேன். உளிய வச்சு ஒரே போடு. "இந்தப் போனுல துரோகம் பண்ணுனவன் குடி வெளங்கப்படாது சாமி"ன்னு மனசாரச் சொல்லித்தான் வெட்டுனேன். ரெண்டு துண்டும் ரெண்டு பக்கம் தெறிச்சுது. பூசாரி பலவேசம், "கேட்டுட்டான் தாயி"ன்னாரு. இனி நிம்மதியாத் தூங்கு.

உன் அத்தை,
சங்கரேஸ்வரி

திருப்பூர்
27.6.2025

அத்தை,

யாரக் கேட்டுக் காசு வெட்டுனீங்க? உடனே போயி எடுத்துருங்க. பூசாரி என்ன கேட்டாலும் குடுங்க. எடுத்துட்டேன்னு ஒரு வரி எழுதுங்க. எனக்குச் சோறு எறங்கல. யாரு வந்து கேட்டாலும் போனு கீழ கெடந்துதுன்னு சொல்லுங்க. காலப் பிடிச்சுக் கேக்கேன்.

புவனேஷ்

மேலகரம்
4.7.2025

புவனேஷ்,

இன்னைக்குக் காலைல ஒரு அம்மா வந்தா. திருவேங்கடத்துக்காரி, பொழைக்கத் திருப்பூர் போன குடும்பம். வீரபாகு கூப்பிட்டுச் சொல்லி வந்திருக்கா. வித்தவன் ஆளுன்னு நெனச்சு, "வாட்டி, உன்னத்தான் தேடுதேன்"னு ஏசுனேன். அவ திருப்பி ஏசல.

"அது எம்மவ மாரிச்செல்வி போனும்மா. பங்குனில ஒருநாள் ரோட்டோரம் நின்னு எங்கூடத்தான் பேசிட்டிருந்தா. பைக்குல வந்து பறிச்சிருக்கான். இவ விடாமப் பிடிச்சிருக்கா, தரையோட இழுத்துட்டுப் போயிருக்கான். 'எம்மா'ன்னா. அவ்வளவுதான் கேட்டுது. இன்னும் கண்ணத் தொறக்கல"ன்னா.

நீ ஏன் பதறுனன்னு அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. கீழ கெடந்துதுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துது. அதுக்குள்ள அவ, "உங்க வீட்டுச் சாமி துன்னூறு கொஞ்சம் தாங்கம்மா, பிள்ள நெத்தியில பூசணும்"னு கைய ஏந்துதா. அள்ளிப் போட்டேன். அதுக்கப்புறம் எப்படிய்யா பொய் சொல்ல?

பூசாரிட்டயும் ஓடுனேன். வெட்டுன காச எடுக்கணும்னா செஞ்சவனே வந்து, செஞ்சேன்னு சாமி முன்னால சொல்லணுமாம். வெட்டுனவ அழுதா பத்தாதாம். அழுதும் பாத்துட்டேன்.

உன் பேரயும் ரூம் விலாசத்தயும் அவட்ட எழுதிக் குடுத்துட்டேன். நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போவேன்னா. போகாதன்னு நான் சொல்லல. மதிய பஸ்ஸுக்குப் போனா, இந்நேரம் புளியங்குடி தாண்டியிருப்பா. அவங்க வந்து உன் கதவத் தட்டுன பிறகுதான் இது உனக்கு வரும். பிந்தி வார கடுதாசில சொல்லி என்ன, இருந்தாலும் சொல்லுதேன்: தொறந்துருய்யா.

சங்கரேஸ்வரி