உடை மரத்துக் கட்டிகளும் உங்கள் கழுத்தும்

மச்சாள்,

இன்று காலை என் மகள் கிணற்றடி உடை மரத்துக்குக் கீழே இருந்து எழும்பி வந்தாள். இரண்டு உள்ளங்கையிலும் மண்ணிறத் தூள், நெற்றியிலும் ஒரு கோடு. கொப்பிலிருந்து விழுந்த கட்டியொன்றை நசுக்கியிருக்கிறாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சவர்க்காரம் தேடி ஓடினேன். பாதி வழியில் வெட்கமாகிவிட்டது. இந்தத் தூள் மனிசரை ஒன்றும் செய்யாது என்று ஒருநாள் வீடு முழுக்கக் கேட்கச் சொன்னவள் நான்தானே! நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். போன மாசியில் அந்தக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனதிலிருந்து எழுத நினைத்து, இவ்வளவு பிந்தித்தான் எழுதுகிறேன்.

உங்கள் தம்பியைக் கலியாணம் முடித்துப் பாலையூற்று வீட்டுக்கு நான் வந்தபோது அந்த மரத்தில் ஒரு கட்டியும் இல்லை. அடுத்த மாரியோடு கொப்புக் கொப்பாக வீங்கத் தொடங்கியது. வெயில் ஏற வெடித்து, கொடியில் காய்ந்த துணியெல்லாம் துருப் பிடித்த இரும்பில் உரசின மாதிரி. அந்த வருசம்தான் உங்கள் கழுத்துக் கழலையும் வெளியே தெரிய வந்தது. தினமும் அந்த மரத்தடியைக் கூட்டினது நீங்கள். சனத்துக்கு அது போதாதா?

பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு வந்தது. தகப்பனின் அக்காதான் முதன்முதல் தொட்டிலில் கிடத்த வேண்டும் என்பது உங்கள் வீட்டு வழக்கம். புல்மோட்டையிலிருந்து வந்த உங்கள் பெரியம்மா குசினி வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னா.

"அந்த மரத்துத் தூள் உவளின்ர கழுத்துக்குள்ள இறங்கியிட்டுது. பச்சைப் பிள்ளையைக் குடுக்காதை. மரத்தையும் தறியுங்கோ."

நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவளல்லவா, விடவில்லை. "அது ஒரு பங்கசு, பூஞ்சணம், பெரியம்மா. உடை மரத்திலதான் சீவிக்கும். முட்டிக்கொண்டு நிக்கிற வேம்பில ஒரு கட்டி இருக்கோ, பாருங்கோ. மனிசருக்கு எப்பிடி வரும்?"

"உந்தப் பங்கசு வந்து உனக்குச் சத்தியம் பண்ணினதோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு, "நான் பாயாசத்தைப் பாக்கிறன், வேற ஆரையும் கொண்டு கிடத்துங்கோ" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இறுக்கியிருந்தீர்கள்.

மரத்தைப் பற்றி எனக்குத் தெரியும். உங்கள் கழுத்தைப் பற்றி என்ன தெரியும்? பிள்ளையோடு உங்கள் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டேன்.

"மச்சாள், டாக்குத்தர் என்ன சொன்னவர்?"

"தொத்தாது எண்டுதான் சொன்னவர். ஆனா நீர் பயப்படுறீர். முகத்தில தெரியுது."

"ஓம், பயமாத்தான் கிடக்கு. எனக்குப் பிள்ளை தும்மினாலும் பயம்."

"அப்ப தராதையும். பேந்து பிள்ளைக்கு ஒரு சின்னக் கொப்புளம் வந்தாலும் நீர் என்ர முகத்தைப் பாப்பீர். எனக்கு அது ஏலாது."

"பாத்தா ஏசுங்கோ" என்று சொல்லிப் பிள்ளையை உங்கள் கையில் வைத்தேன். பயம் அப்போதும் போகவில்லை, மச்சாள். பயத்தோடுதான் தந்தேன். நீங்கள் அகப்பையைக் கீழே வைக்க மறந்து, ஒரு கையில் அகப்பையும் மறு கையில் பிள்ளையுமாக நின்றீர்கள். "ஏனடி, அதுக்கும் பாயாசம் தீத்தப் போறியோ?" என்று பெரியம்மா கத்தினா. அதோடு அவவின் தீர்ப்பும் முடிந்தது. மரமும் தப்பியது.

பிறகு பிள்ளைக்கு வேர்க்குரு வந்தது. பொக்குளிப்பான் வந்தது. இரண்டு தரமும் நான் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டேன். "ஏசட்டோ?" என்று கேட்டீர்கள். ஏசவில்லை. வேப்பிலை பிடுங்கப் போய்விட்டீர்கள்.

அவளுக்கு உங்கள் தோளில்தான் நித்திரை வரும். விரல்கள் அந்தக் கழலையைப் பிடித்திருக்க வேண்டும், பிடி விட்டால் சிணுங்குவாள். இப்போது மத்தியானங்களில் என் கழுத்தைத் தடவித் தேடுகிறாள். நேற்று, "மாமிக்குக் கிடந்தது, உங்களுக்கு ஏன் இல்லை?" என்று கேட்டாள். நான் கழுத்தை அவள் பக்கம் சாய்த்தேன். கொஞ்ச நேரம் தேடிவிட்டு, என் தொண்டைக் குழியில் விரலை வைத்துக்கொண்டு நித்திரையானாள்.