நானும் நார்மல்

இன்று காலை குற்றாலத்தில், பூட்டிக் கிடக்கும் உன் டீக்கடை முன்னால் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒருவர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "மெயினருவி நார்மல்தான், கெளம்பி வாங்க." அடப்பாவி, அந்தச் சொல்லை இப்படி ஆக்கிவிட்டுப் போய்விட்டாயே!

சாரல் காலத்தில் நீ மஸ்கட்டுக்கு அனுப்பும் குரல் பதிவில்தான் எனக்குப் பொழுது விடியும். "மாப்ளே, மெயினருவி நார்மல், ஐந்தருவி நார்மல், நானும் நார்மல்." பயமில்லாமல் தலையைக் கொடுக்கலாம் என்றால் நமக்கு நார்மல். சர்க்கரை அளவாய்ப் போட்ட டீயும் உன் கடையில் நார்மல்தான். வெள்ளம் வந்தால் மட்டும், "குளிக்கத் தடைலே" என்பாய். தண்ணீர் விஷயத்தில் நீ ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. அதனால் மூன்றாவதையும் நம்பினேன்.

"தொண்டை கம்மியிருக்கேலே, லீவு போட்டு வரட்டுமா?" என்று ஒரு முறை கேட்டேன். "சளிதாம்லே. ஒம் மக கல்யாணத்துக்கு லீவைச் சேத்து வை" என்று சிரித்தாய். நானும் சேர்த்து வைத்தேன்.

நீ போய்விட்ட செய்தி கேட்டு இலஞ்சியில் உன் வீட்டுக்கு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்புறம்தான் உன் மனைவி சொன்னாள்.

"ரெண்டு மாசமா ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்துதான் ஒங்களுக்குப் பேசுனாவ, அண்ணாச்சி. பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு, தண்ணி எப்படி விழுதுன்னு கேட்டுக்கிடுவாவ. ஒங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ."

அருவியை விசாரிக்க உனக்கு ஓர் ஆள் இருந்தான். உன்னை விசாரிக்க ஓர் ஆளைப் பிடிக்க எனக்குத் தோன்றவில்லையே! கோபம் உன் மேலா, என் மேலா என்று இன்றுவரை தெரியவில்லை.

அன்று ராத்திரி உன் கடைசிப் பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். "மெயினருவி நார்மல், ஐந்தருவி நார்மல்..." கொஞ்சம் மூச்சு வாங்குகிறாய். அவ்வளவுதான், முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நான் பதிலுக்கு அனுப்பிய, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை நிற்கிறது.

இன்று உன் கடையைத் தாண்டி நடக்கும்போது மகள் போனில் கூப்பிட்டாள். "வாப்பா, எப்படி இருக்கீங்க?"

நார்மல் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"நல்லா இல்லம்மா" என்றேன்.