பள்ளத்தில் தேங்கிய வார்னிஷ்

கார்கிவ், பிப்ரவரி 12, 1979

ஆய்வகம் முழுக்க வார்னிஷ் நாற்றம். எங்கள் வேலையைப் பார்வையிட மாஸ்கோவிலிருந்து குழு வருகிறதாம். தலைவர் அர்காதி பாவ்லோவிச் கண்ணில் பட்டதற்கெல்லாம் பூசச் சொல்லிவிட்டார். "எல்லாம் பளபளன்னு இருக்கணும், கிளாஃபிரா!" விட்டால் நமக்கும் ஒரு கோட் அடித்துவிடுவார்.

பிப்ரவரி 19

என் பித்தளைத் தட்டை அளந்தேன். வரிவரியாய்ப் பள்ளம் வெட்டிய தட்டு. மேலும் கீழுமாய் அதிர்ந்து நிமிர்ந்து வரும் நுண்ணலையை அது பக்கவாட்டில் அதிரும்படி படுக்கவைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அலை முழுதும் அப்படித் திரும்பும் என்பது கூட வேலை பார்க்கும் யூஹிம் போட்ட கணக்கு. பாதிதான் திரும்புகிறது.

பிப்ரவரி 22

மறுபடியும் பாதி.

பிப்ரவரி 23

ஆண்கள் தினம். கேக் வெட்டி, ஆளுக்கொரு ஜோடி காலுறை கொடுத்தோம். "என்ன, உன் அலை இன்னும் பாதிதானா?" என்றார் தலைவர். சுருக்கென்றது. "என் அளவு சரிதான். யூஹிமோட கணக்குதான் குப்பை!" — எல்லார் முன்னாலும். கல்லூரியிலிருந்து கூட இருப்பவன். காலுறையும் கையுமாக நின்றான். ஏன்தான் எனக்கு இந்த வாயோ?

பிப்ரவரி 26

யூஹிமை எங்கோ தூரத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பப் போகிறார்களாம். என்னால்! அவனிடம் ஓடினேன். முகம் கொடுக்கவில்லை. "நான் கணக்குப் போட்டது பித்தளைக்கு, கிளாஷா. உன் தட்டுல என்ன இருக்குன்னு போய்ப் பாரு."

பார்த்தேன். பள்ளத்தில் விட்ட ஊசி அடியைத் தொடவில்லை. உள்ளே வார்னிஷ் தேங்கி இறுகிக் கிடக்கிறது. அதற்குள் போன அலை தாமதப்பட்டு வந்திருக்கிறது. கணக்கு எப்படி ஒத்துப்போகும்? மேலே பளபளப்பதைப் பார்த்தேனே தவிர, நான் உள்ளே பார்க்கவேயில்லை.

பிப்ரவரி 27

அசிட்டோன் ஊற்றிப் பள்ளம் பள்ளமாகத் தேய்த்தேன். அளந்தேன். முழு அலையும் படுத்துத் திரும்பியது. உட்கார்ந்து அழுதேன்.

தலைவரிடம் போனேன். "வார்னிஷ் பேச்சையே எடுக்காதே. கணக்கைத் திருத்திட்டோம்னு சொல்லிக்கலாம்."

"அப்போ யூஹிம்?"

"அது முடிஞ்சுபோன விஷயம்."

மார்ச் 6

குழு வந்தது. முதலில் ஏன் பாதி வந்தது என்று அதில் ஒரு பெரியவர் கேட்டார். "கணக்குல சின்னப் பிழை..." என்று தலைவர் ஆரம்பித்தார். எழுந்துவிட்டேன்.

"கணக்கு முதல்லேருந்தே சரிங்க. நீங்க வர்றீங்கன்னு தலைவர் தட்டுக்கு வார்னிஷ் அடிக்கச் சொன்னார். நான் அதைக் கவனிக்காம அளந்துட்டேன்."

அந்தப் பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். யூஹிம் என் பக்கம் திரும்பவேயில்லை.

மார்ச் 12

யூஹிம் போகவில்லை. என்னைத்தான் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள், பழைய கருவிகளைப் பரிசோதிக்க. போகட்டும். ஆனாலும் வலிக்கிறது.

ஏப்ரல் 4

கதவை யாரோ காலால் உதைத்தார்கள். திறந்தால் யூஹிம், இரண்டு கையாலும் ஒரு புதுத் தட்டைத் தாங்கிக்கொண்டு.

"மேல ஒருத்தனுக்கும் அளக்கத் தெரியல. தள்ளு, கனக்குது."

மேசையைக் காலி செய்தேன்.