பாப்பாவின் முதல் முடி

காங்கேயம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் சபரீசுக்கு அப்பா எழுதிக்கொண்டது. மஸ்கட்டில் உன் உடம்பு சௌகரியம்தானே. இங்கே உங்கம்மாவும் நானும் சௌகரியம், பாப்பா கனிஷ்காவைப் பற்றி அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை கண்ணு. போனில் பேசினால் பக்கத்தில் யாராவது நிற்கிறார்கள். நம் தேங்காய்க் களத்துக்குப் பக்கத்துக்காரர் பங்காரு அங்கே கிளம்புகிறார் என்றதும் அவர் கையில் கொடுத்துவிட இதை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆபரேசன் முடிந்தது உனக்குத் தெரியும். மூளைக்குள் ஊறும் நீர் இறங்கிப்போகிற வழி பாப்பாவுக்குப் பிறவியிலேயே குறுகிக் கிடந்திருக்கிறது, அதனால் நீர் தேங்கித்தான் தலை அப்படிப் பெருத்ததாம், கண்மணி கீழேயே இறங்கி நின்றதும் அதனால்தானாம். இப்போது தோலுக்கடியில் மெல்லிய குழாய் வைத்து நீரை வயிற்றுக்கு இறக்கிவிட்டிருக்கிறார்கள். புடைத்திருந்த உச்சி அமுங்கியிருக்கிறது, பால் குடிக்கிறாள், இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். இனி நடப்பாளா, பள்ளிக்கூடம் போவாளா, கண் நன்றாகத் தெரியுமா என்று டாக்டரைக் கேட்டேன். நிறையப் பிள்ளைகள் நல்லபடியாகப் படிக்கறாங்க, சில பேருக்கு எல்லாமே தாமதமாக வரும், இவள் எந்தப் பக்கம்னு இப்பவே சொல்ல முடியாதுங்க என்றார். குழாய் அடைத்துக்கொள்ளலாம், கிருமி தொற்றலாம், மறுபடி திறக்க வேண்டியும் வரலாமாம். விடாமல் வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் எழாமல் தூங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, உச்சி புடைத்தாலோ அந்த நிமிடமே வண்டியை எடுக்கச் சொன்னார். கொப்பரையைக் கையில் எடுத்தாலே எவ்வளவு எண்ணெய் தேறும் என்று சொல்லுகிறவன் நான், பேரம் பிடிக்காவிட்டால் துண்டை உதறிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். அந்த நாற்காலியை விட்டு எழுந்து எங்கே போவது. அவர் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆபரேசனுக்கு முன்னால் மொட்டை அடிக்க ஆள் வந்தபோது உங்கம்மா கட்டிலை மறித்துக்கொண்டாள். முதல் முடி குலசாமிக்கு நேந்ததுங்க, மாமன் மடியில உக்காராம கத்தி வெக்கக் கூடாதுங்க என்று ஒரே அழுகை. நான் அவளை அதட்டினேன். பிரியாவின் அண்ணன் சசிதர்தான், ஏனுங்க அத்தை, மாமன் இங்கயேதானுங்க இருக்கறேன், மடியும் கூடவே வந்திருக்குது என்று சொல்லிக் கட்டிலில் சம்மணம் போட்டுப் பாப்பாவை வாங்கிக்கொண்டான். நர்ஸ்கூடச் சிரித்துவிட்டது. முடி எடுக்க வந்தவர், அப்படீன்னா கெழக்க பாத்து உக்காருங்க என்று தானாகவே சொன்னார். பாப்பா அழவில்லை, அழத் தெம்பில்லை. முடியை மஞ்சள் துணியில் முடிந்து உங்கம்மா பத்திரமாக வைத்திருக்கிறாள். நீங்கள் மூன்று பேரும் போய்க் கோயிலில் செலுத்த வேண்டியது.

இனி நான் எழுத வந்த விசயம். மாசமா இருந்தப்ப என்னத்தைத் தின்னுபோட்ட என்று நீ பிரியாவைக் கேட்டாயாமே. சசிதர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், மருமகள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டரிடம் மட்டும், பப்பாளி தின்னதுனால இருக்குங்களா, கிரகணத்தன்னிக்கு வெளிய வந்ததுனால இருக்குங்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவரும் ஒவ்வொன்றுக்கும் இல்லைங்கம்மா, இல்லைங்கம்மா என்றார். இது வயிற்றுக்குள்ளேயே அமைந்துபோனது, நீங்கள் தின்றதாலோ செய்ததாலோ வந்ததல்ல என்று இரண்டு தரம் சொன்னார். அவள் நம்பவில்லை. டாக்டர் சொல்லி நம்பாததை மாமனார் நான் சொல்லியா நம்பப்போகிறாள். பாப்பா தலையிலிருக்கிற தையலைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை சாமி. நீ கேட்ட கேள்வி, நீயே வந்துதான் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். லீவு கிடைக்கிறவரை போனிலாவது பேசு. ஆஸ்பத்திரிக்குள் சிக்னல் நன்றாகவே இருக்கிறது, அவள்தான் உன் போனை எடுப்பதில்லை. சசிதர் நம்பருக்கு அடி, அவன் கொடுப்பான்.

வெயிலில் அலையாதே. குலசாமி உங்கள் மூன்று பேரையும் சீக்கிரம் ஓரிடத்தில் சேர்த்து வைக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே. பிரியா போனை வாங்கினதும் பாப்பாவைப் பற்றிக் கேட்காதே. நீ சாப்பிட்டாயா என்று அவளைக் கேள். திங்கட்கிழமையிலிருந்து அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
குமாரசாமி